மரியாதையான வியாதி

தலைமைக் காவலர் உமாராணிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அவளோடு வேலை பார்த்தவர்கள், ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் ஆபத்து எல்லையான ஆர்ச்சைத் தொட்டுவிட்டால், வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண்களை ஒரே விசிலில் கரையேற்றிவிடுவாள். அதெல்லாம் சரிதான். ஆனால் நாற்பத்திரண்டு வயதில் முக்கால்வாசியை அவள் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்துதான் கழித்திருந்தாள். தன் மார்பின் பாரத்தைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்ற பயம் அது.

பிறந்தது இலஞ்சியில். அருவிக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் வயதுக்கு வந்த பிறகு அவள் அருவியில் தலை நனைத்ததில்லை. ஈரத்துணியோடு நாலு பேர் பார்க்க நடந்து வர வேண்டுமே. காய்ச்சல், சளி, தலைவலி என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, குளிக்கப் போனவர்களின் துணிமணியைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள். பின்னால் போலீசில் சேர்ந்ததும் அதையே அரசாங்கம் உத்தியோகமாகக் கொடுத்துவிட்டது. பதினேழு சீசனாகப் பெண்கள் பக்கத்து டியூட்டி அவளுக்குத்தான்.

போலீசில் சேர்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். தேர்வில் நானூறு மீட்டர் ஓட வேண்டும். உமாராணி இரண்டு பழைய துப்பட்டாவைக் கிழித்து மார்போடு இறுக்கிச் சுற்றி, அதன் மேல் இரண்டு உள்ளாடை போட்டு, அதற்கும் மேல் டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றாள். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. வேலியோரம் நின்ற பையன்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அது இன்றைக்கும் அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஒருவரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அந்த ஆத்திரத்தில் ஓடியதில் இரண்டாவதாக வந்தாள்.

கல்யாணம் கீழப்பாவூரில். மாப்பிள்ளை பாண்டிராஜ் அப்போது ராணுவத்தில் இருந்தான். இப்போது ஓய்வு பெற்று, தென்காசியில் ஒரு பாங்கில் காவலுக்கு இருக்கிறான். குத்துக்கல்வலசையில் புதிதாக வீடு கட்டி, மாமியார் மாரித்தாயையும் கூட்டி வந்து வைத்துக்கொண்டார்கள். ஒரே மகள் ஸ்வாதி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

உடம்புதான் குறை சொல்லிக்கொண்டிருந்தது. தோள் இரண்டிலும் உள்ளாடைப் பட்டை பதிந்து குழி விழுந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் கழுத்து விண்விண்ணென்று தெறிக்கும். இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகும். மார்புக்கு அடியில் வியர்வை தங்கி, வெயில் காலத்தில் தோல் உரிந்து ரணமாகிவிடும். பவுடர், களிம்பு, பருத்தித் துணியை மடித்து வைப்பது என்று எல்லாம் பார்த்தாயிற்று. காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவே, உள்பக்கமாக ஓர் ஊக்கு குத்தாமல் அவள் ஒரு நாளும் பரேடுக்குப் போனதில்லை. இதையெல்லாம் வியாதி என்று அவள் நினைக்கவில்லை. தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதை வியாதி என்று முதலில் சொன்னது ஹம்னா. தென்காசியில் பிசியோதெரபி சென்டர் வைத்திருக்கும் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மூன்று மாதமாக உமாராணியின் கழுத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டியளே? நான் இங்கன என்ன செஞ்சு அனுப்புனாலும் நாளைக்கு மறுபடியும் அதே பாரத்தத்தான தூக்குதிய. கழுத்து என்ன செய்யும்? இதுக்கு ஆப்பரேஷன் இருக்கு."

"எதுக்கு?"

"மார்பச் சின்னதாக்குறதுக்கு."

உமாராணிக்கு முகம் சுட்டது. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் சினிமாக்காரங்க செய்யுறதுல்லா?" என்றாள்.

"அவங்க வேற எதுக்கோ செய்யுதாங்க. இது வலிக்கு. சனிக்கிழமைதோறும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் திருநவேலியில இருந்து வாராங்க. பொம்பள டாக்டர்தான். போய்ப் பேசிட்டு மட்டும் வாங்க. பேசுனா வெட்டிர மாட்டாங்க."

மூன்று சனிக்கிழமை அந்த கிளினிக் வாசல் வரைக்கும் போய்விட்டு உமாராணி திரும்பினாள். நாலாவது சனிக்கிழமை உள்ளே போனதற்குக் காரணம் தைரியம் என்று சொல்ல முடியாது. வாசலில் தெரிந்த முகம் ஒன்று வந்துகொண்டிருந்தது, ஒளிய வேறு இடம் இல்லை.

டாக்டர் யோகலட்சுமி அதிகம் சிரிக்காதவர். வலியைக் கேட்டார், எத்தனை வருடம் என்று கேட்டார், எடை கூடிக் குறைகிறதா என்று கேட்டார். உமாராணி ஒரு வருடம் நடையாய் நடந்து ஒன்பது கிலோ குறைத்திருந்தாள். கன்னம் ஒட்டியது, இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது, மார்பு மட்டும் அப்படியே இருந்தது. "சில பேருக்கு அப்படித்தான்" என்றார் டாக்டர். இனிமேல் குழந்தை பெறும் எண்ணம் உண்டா, ஏனென்றால் இதற்குப் பிறகு பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்றார். ஸ்வாதி பிறந்த கையோடு உமாராணி குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள். அந்தக் கேள்வி மட்டும் லேசாகக் கடந்து போயிற்று.

மற்றதெல்லாம் அவ்வளவு லேசாக இல்லை. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அங்கிருந்து நேர் கீழே ஒன்று, மார்பின் அடி மடிப்பில் குறுக்கே ஒன்று. ஒரு வருடம் சிவந்திருக்கும், மங்கும், ஆனால் முழுசாகப் போகாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், அடியோடு போகவும் செய்யலாம். அபூர்வமாக ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்துத் தோலே கெட்டுப்போவதும் உண்டு. இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்காது. ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்றிரண்டு நாள் குழாய் வைத்திருக்க வேண்டி வரலாம். ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது.

"கஷாயம், லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களா? குற்றாலம் பக்கத்து ஆளுங்ககிட்ட இதை நான் ரெண்டு தடவை கேப்பேன்."

"உடம்பு குறைய ஒரு பொடி சாப்பிட்டேன், டாக்டர்."

"அதை நிறுத்தணும். அதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சிலது ரத்தத்தை உறைய விடாது." பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது உயிருக்கு அவசரமான ஆப்பரேஷன் இல்லை, உமாராணி. வேணும்னு நீங்க சொன்னாத்தான் நான் செய்வேன். தியேட்டர் வாசல்ல வந்துகூட வேண்டாம்னு சொல்லலாம். வீட்டுல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசிவிட்டு வா என்று சொல்வது எவ்வளவு எளிது. தழும்பும் குழாயும் ரத்த ஓட்டமும் சேர்ந்து பயமுறுத்தியது ஒரு பங்கு என்றால், இந்தக் கடைசி வாக்கியம் பயமுறுத்தியது மூன்று பங்கு.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மாரித்தாய் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாண்டிராஜ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். கையில் இருந்த கிளினிக் கவரை மறைக்க உமாராணிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"எதுக்குட்டி ஆஸ்பத்திரி கவரு?" என்றாள் மாரித்தாய்.

என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தாள். கழுத்து வலியில் ஆரம்பித்து மெதுவாகக் கொண்டு போக வேண்டும் என்று திட்டம். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. நல்லா இருக்கிற மாரை அறுத்துச் சின்னதாக்கப் போகிறேன் என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்பது கண்முன் தெரிந்தது. இந்த வயதில் யாருக்கு அழகு காட்ட என்று கேட்கும் முகம் அது.

"மாருல ஒரு கட்டி மாதிரி இருக்காம், அத்தை. ஆப்பரேஷன் செய்யணும்னு சொல்லுதாவ."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மாரித்தாயின் கையில் இருந்த கீரைக்காம்பு முறத்தில் விழுந்தது. பாண்டிராஜ் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

பொய்யிலும் மரியாதையான பொய் என்று ஒன்று உண்டு. நம் ஊரில் வியாதிக்கு இருக்கும் மரியாதை வலிக்குக் கிடையாது, ஆசைக்கு அறவே கிடையாது. உமாராணி இருபத்தொரு வருடமாகப் பெண்களின் வாக்குமூலம் எழுதுகிறவள். அடி வாங்கியவள்கூட "கீழ விழுந்துட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். அவர்களை எத்தனை தடவை அதட்டியிருக்கிறாள், உள்ளதைச் சொல்லுங்கம்மா என்று.

பொய் நன்றாக வேலை செய்தது, அதுதான் வினை. சீசன் நேரத்தில் லீவு கேட்டால் இன்ஸ்பெக்டர் நமசிவாயம் கடித்துக் குதறுவார். "எல்லாருக்கும் இப்பத்தான் நோவு வரும்" என்று ஆரம்பித்தவர், "மார்புக் கட்டிங்கய்யா" என்றதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மறு பேச்சில்லாமல் ஆகஸ்ட் கடைசியில் லீவுக்குப் பரிந்துரை எழுதிவிட்டார். பாண்டிராஜ் சிகரெட்டை நிறுத்தினான். அவளுடைய யூனிபார்மைத் தானே துவைத்துக் காயப்போட்டான். மாரித்தாய் கீழப்பாவூர் நரசிம்மருக்கு, அவருக்குரிய சுவாதி நட்சத்திரம்தோறும் வந்து விளக்கேற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பேத்திக்குப் பெயர் வைத்ததே அந்தச் சாமியை நினைத்துத்தான், இதற்கும் அவர்தான் பொறுப்பு என்று நினைத்தாள். ஸ்வாதி போனில் அழுதாள்.

"அம்மா, நான் நெட்ல எல்லாம் பார்த்துட்டேன். ஸ்டேஜ் என்னன்னு கேட்டியா? என்கிட்ட மறைக்காத."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லட்டி. சின்னதுதான்."

"எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க."

போனை வைத்ததும் உமாராணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வெளியே வந்தாள். அப்படியே மூன்று வாரம் ஓடிற்று.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஆப்பரேஷனுக்கு முன்னால் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் யோகலட்சுமி எழுதிக் கொடுத்திருந்தார். மேமோகிராம் என்று பெயர். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தியபோது உயிர் போய் வந்தது. அது முடிந்து சட்டையைப் போடப் போனவளை, படம் எடுத்த பெண், "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்றாள். உள்ளே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் வலது பக்கத்தில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். ஒரே இடத்தில் கருவியை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினார். திரையையே பார்த்துக்கொண்டு, "இதை ஊசி போட்டு எடுத்துப் பார்த்துருவோம்" என்றார்.

"எதை, டாக்டர்?"

"ஒன்றரை சென்டிமீட்டர்ல ஒரு கட்டி இருக்கு."

உமாராணி அந்த மேஜையில் படுத்தபடியே உறைந்து போனாள். இல்லாததைச் சொன்னாள், அது வந்து உட்கார்ந்துகொண்டது. படித்தவள், போலீஸ்காரி, இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை என்று தெரிந்தவள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தன் நாக்கே தனக்குக் குழி பறித்துவிட்டது.

அதைவிடக் கொடுமை வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. யாரிடம் சொல்வது? புருஷனிடம் போய், கட்டி இருக்காம் என்றால், "அதான் ஒரு மாசமாத் தெரியுமே" என்பான். மாமியாருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் பழைய சேதி, அவளுக்கு மட்டும் அன்றைக்குத்தான் புதுசு. ஓடிப்போய் ஒருவரைக் கட்டிப்பிடித்து அழ வழியில்லாமல் தானே எல்லாக் கதவையும் சாத்தி வைத்திருந்தாள். ஹம்னாவுக்குப் போன் செய்து அழுதாள். அந்தப் பெண், "அக்கா, பாதிக்கு மேல சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மிச்சப் பாதிதான் உமாராணியின் காதில் நின்றது.

ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் சாரல் பிடித்துக்கொண்டது, அருவியில் கூட்டம் அலைமோதியது. சனி, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து டியூட்டி. எண்ணெய் வழியும் தலையோடு பெண்கள் வரிசையில் வந்தார்கள். கிழவிகள், புதுசாகக் கல்யாணமானவர்கள், கைக்குழந்தைக்காரிகள். நைட்டியைச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்து கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டார்கள். யாருடைய உடம்பும் யாருக்கும் பெரிய விஷயமாக இருந்ததாகத் தெரியவில்லை. உமாராணிக்கு ஒவ்வொரு முகத்தையும் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இவளுக்கு ஒன்றும் இருக்காது, இவளுக்கும் ஒன்றும் இருக்காது என்று எண்ணிக்கொண்டே விசில் ஊதினாள். ஊசி போட்ட இடம் சட்டைக்குள் வலித்தது. தான் செத்தால் ஸ்வாதிக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். பாண்டிராஜுக்குச் சமைக்கத் தெரியும், அது ஒரு ஆறுதல். இருபது வருடமாக இந்த மாரை எப்படியாவது இறக்கி வைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவள், இப்போது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், உயிரை மட்டும் விட்டுவிடு என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் யோகலட்சுமி உறையைப் பிரித்தார். உமாராணிக்கு மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிருந்தது.

"புற்றுநோய் இல்லை. சாதாரண நார்க்கட்டி. நிறையப் பேருக்கு இருக்கும், இருக்கிறதே தெரியாது."

வெளியே நின்ற பாண்டிராஜை உள்ளே கூப்பிட்டு அவனுக்கும் சொன்னார். ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டான்.

"கட்டிக்காக எடுக்கணும்னு இல்லை. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பார்த்தாப் போதும்." டாக்டர் உமாராணியைப் பார்த்தார். அவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்து, உமாராணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சொல்லவில்லை. "மத்ததை நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். பாண்டிராஜுக்கு மத்தது என்றால் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி அடித்தார்கள். மாரித்தாய் நரசிம்மர் கோயில் குங்குமமும் துளசியும் கொண்டு வந்து அவள் நெற்றியில் இட்டு, கையில் கொடுத்தாள். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று எதிர்வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாண்டிராஜ் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொன்னான்:

"நாளைக்கே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி லீவ கேன்சல் பண்ணிரு. இனிம எதுக்கு ஆப்பரேஷன்? டாக்டரே வேண்டாம்னுட்டாவல்லா."

அவ்வளவுதான். வழி மூடிக்கொண்டது. கட்டி என்ற வார்த்தைதான் அவளை ஆப்பரேஷன் வாசல் வரைக்கும் கூட்டிப்போயிற்று. கட்டி போனதும் வாசலும் போய்விட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், தழும்பு இல்லை, மயக்க ஊசி இல்லை, ஒரு பயமும் இல்லை. நாளைக்குக் காலையில் மறுபடியும் ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்பலாம். நாளைக்கும், அதற்கு மறுநாளும், ஓய்வு பெறுகிற வரைக்கும்.

"நான் ஆப்பரேஷன் செஞ்சுக்கிடப் போறேன்" என்றாள் உமாராணி.

"கட்டிதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டே."

"கட்டிக்கு இல்ல. நான் அங்கன போனதே கட்டிக்கு இல்ல." நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்து அவள் நிறுத்தவில்லை. "மாரு பாரம் தாங்க முடியல. அதச் சின்னதாக்கத்தான் போனேன். ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, கட்டின்னு பொய் சொன்னேன். சொன்ன அன்னைக்குக் கட்டி கெடயாது. இருந்துச்சோ என்னமோ, எனக்குத் தெரியாது. பொறவு படம் எடுத்தப்ப நெசமாவே இருந்துச்சு."

முதலில் பேசியது மாரித்தாய்.

"ஒரு மாசம் நான் ராத்திரி ஒறங்கலட்டி. சாமிகிட்டப் போயி, எம் மருமவளுக்குக் கட்டி, காப்பாத்துன்னு வாய் விட்டுக் கேட்டிருக்கேன். என்னைய சாமிகிட்டயும் பொய் சொல்ல வச்சிட்டியே."

"அத்தை, இங்கன பாருங்க." உமாராணி எழுந்து போய் மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்து, நைட்டியின் தோள் பக்கத்தை இறக்கிக் காட்டினாள். கிழவியின் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். விரல் பாதி உள்ளே இறங்கியது. மாரித்தாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எல்லா பொம்பளைக்கும் உள்ளதுதான. நாங்க சொமக்கலயா?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாண்டிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது சிகரெட் வாடை அடித்தது. அன்றிலிருந்து உமாராணியின் யூனிபார்மை உமாராணியே துவைத்தாள்.

ஸ்வாதிக்குப் போன் செய்து சொன்னபோதுதான் உமாராணி நிஜமாக நொறுங்கினாள். மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். ஸ்வாதி கத்தாமல், "அம்மா, நீ மாத்திரை போட்டுக்கிட்டுக் கழுத்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கதத்தான் சின்ன வயசுல இருந்து பார்க்கேன். இதச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே கூட வந்திருப்பேனே. எதுக்கும்மா என்னைய அப்படி அழ விட்ட?" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. திருநெல்வேலியில் டாக்டர் யோகலட்சுமி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. மாரித்தாய் வரவில்லை, துளசியும் கொடுத்தனுப்பவில்லை. ஸ்வாதி பரீட்சை முடிந்து மாலை பஸ்ஸில் வருகிறாள். பாண்டிராஜ் வந்திருந்தான். பதினைந்து நாளாக உப்பு, சாவி, பால் பாக்கெட் என்று தேவைக்கு மட்டும் பேசியவன், காலையில் தானே பையை எடுத்து வைத்து, தானே கார் கூப்பிட்டான்.

டாக்டர் அவளை நிற்க வைத்து, மார்பில் பேனாவால் கோடு போட்டார். அறுத்து எடுப்பதையும் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். தாலிச்செயினைக் கழற்றச் சொன்னார்கள். உமாராணி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, செயினைப் பாண்டிராஜின் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவைதான் அது மாட்டியது.

தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தியேட்டர் கதவு வரைக்கும் கொண்டு போனார்கள். மேலே டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மயக்கம் தெளியாமல் போனால்? கட்டியோடு செத்திருந்தால் ஊர் பாவம் என்று சொல்லும். இப்போது செத்தால், சும்மா இருந்தவள் தேடிப் போய்ச் செத்தாள் என்று சொல்லும். மாரித்தாய் சொல்வாள், இன்ஸ்பெக்டர் சொல்வார், ஸ்வாதியைப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே மகள் நின்றுகொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. வண்டியை நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள். வேண்டாம் என்று தியேட்டர் வாசலில்கூடச் சொல்லலாம் என்றார்களே, இதுதான் அந்த வாசல்.

வண்டி நின்றது. பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர் நின்றார், வண்டி தள்ளிய இரண்டு ஆண்கள் நின்றார்கள், சுவரோரம் வேறு யாரோ நோயாளியின் சொந்தக்காரர்கள் நின்றார்கள். பாண்டிராஜ் அவளுடைய செருப்பை ஒரு கவரில் போட்டுப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றான்.

"உங்க வாயால சொல்லணும்மா. பேரு?"

"உமாராணி."

"என்ன ஆப்பரேஷனுக்கு வந்திருக்கீங்க?"

உமாராணி பாண்டிராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாரையும் சின்னதாக்கணும்" என்றாள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது. "நாந்தான் வேணும்னு கேட்டேன்."

பாண்டிராஜ் தலையை நிமிர்த்தினான். நர்ஸ் அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டு, கதவைத் திறக்கச் சொன்னாள்.